சரிவு பார்த்து நிறுத்துகிறவர்

மேட்டைக் கண்டால் மலைக்கிற ஆட்கள் உண்டு. பள்ளத்தைக் கண்டால் பதறுகிற ஆட்கள் உண்டு. சமதரையைக் கண்டு நடுங்குகிற மனிதரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? இவர் அப்படிப்பட்டவர். தெருவில் 'சரிவு சார்' என்று சொன்னால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். குடிநீர் வாரியத்தில் மட்டம் பார்க்கிற வேலை செய்து ஓய்வு பெற்றவர். குழாய் பதிப்பதற்கு முன்னால் மூன்று கால் தாங்கியில் கருவியை நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, இந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்வது அவர் உத்தியோகம். அதனால்தான் தனக்கு அந்தப் பெயர் வந்தது என்று அவர் மனதார நம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் அது அவருடைய ஜீப்பால் வந்தது. அதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்குத் தைரியம்? சொன்னவன் அங்கேயே நின்று ஜீப்பின் அருமை பெருமைகளை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்ப முடியும்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், மகள் பிறந்த வருஷம் வாங்கிய ஜீப். வாரியமே வேண்டாமென்று கழித்து ஏலத்தில் தள்ளியதை, அரண்மனை யானையை ஓட்டி வருவதுபோல வீட்டுக்கு ஓட்டி வந்தார். வந்த மூன்றாம் மாதமே செல்ஃப் ஸ்டார்ட்டர் செத்துப்போனது. சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் மெக்கானிக்கிடம் ஓடியிருப்பார்கள். இவர் யோசித்தார். யோசிக்கிற மனிதரிடம் எப்போதும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஊரில் எந்தத் தெரு எவ்வளவு சாய்கிறது என்பது தனக்கு மனப்பாடம். சரிவு பார்த்து நிறுத்தி, கிளம்பும்போது உருளவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் தானாகப் பிடித்துக்கொள்ளும். அப்படியிருக்க, மூளை உள்ளவனுக்குச் செல்ஃப் எதற்கு? இப்படி முடிவு கட்டினார். அன்றிலிருந்து சாவியை இன்ஜினுக்குக் கரண்ட் போகிற அளவுக்குத்தான் திருகுவார். அதற்கு மேல் ஒரு நூல் நகர்த்தமாட்டார்.

ஹேண்ட் பிரேக்கும் பெயருக்குத்தான் இருந்தது. அதனால் நிறுத்தியதும் முன் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுக்க வேண்டும். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து வண்டியின் பின்னால் போட வேண்டும். யார் எடுப்பது? அவர் பிரேக்கை மிதித்தபடி ஸ்டியரிங்கில் இருக்க வேண்டுமே! ஆகவே கல் மனைவியின் இலாகாவானது.

அவள் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். கல்லின் முனை கையைக் கிழித்தது என்று பழைய தார்ப்பாயை வெட்டி, கல்லுக்கு அளவெடுத்து, இரட்டைத் தையல் போட்டு, கைப்பிடி வைத்து ஓர் உறை தைத்தாள். உலகத்தில் சட்டை போட்ட கல் அது ஒன்றாகத்தான் இருக்கும். உறை கிழியக் கிழிய புதிது தைத்தாள். கைப்பிடியைப் பிடித்துக் கல்லைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, இடுப்பு உயரத்தில் இருக்கிற சீட்டில் ஏறி உட்கார வேண்டும். சில நாள் அவர் அவசரத்தில் பிரேக்கை முதலிலேயே விட்டுவிடுவார். அப்போது ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வாள். கல்லானாலும் கணவன் என்று சொல்லிவைத்தவர், அந்தக் கல்லை ஒரு தரமாவது தூக்கிப் பார்த்திருக்கமாட்டார்.

அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையே சரிவில் அமைந்தது. வீடு மேட்டின் உச்சியில். அதற்குப் படிகள், அந்தப் படிகளுக்கு மேல் இன்னும் படிகள். மகளைச் சேர்த்த பள்ளி, நல்ல பள்ளி என்பதற்காக அல்ல, வாசல் கிழக்கே சாய்கிறது என்பதற்காகச் சேர்த்த பள்ளி. மனைவிக்குப் பல் வலி வந்தபோது கைராசிக்கார டாக்டர் சமதரையில் இருந்தார். சரிவில் இருந்த டாக்டர் வலிக்காத பல்லைப் பிடுங்கினார். "பரவால்ல, அதுவும் என்னைக்காவது வலிக்கத்தான் போகுது" என்று சமாதானம் சொன்னார் கணவர். மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போனபோது மற்றவர்கள் சமையல்கட்டைப் பார்த்தார்கள், மேடையைப் பார்த்தார்கள். பெண்ணைப் பெற்றவர் வாசலில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து அது எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விஷயம் நடந்தது. கியர் பாக்ஸ் வேலைக்காக ஜீப் மெக்கானிக்கின் ஷெட்டில் கிடந்தது. மெக்கானிக் வீட்டுக்கு போன் பண்ணினார். கணவர் குளித்துக்கொண்டிருந்ததால் அவள் எடுத்தாள்.

"அம்மா, எல்லாம் கழட்டித்தான் கெடக்கு. இதோட இதா செல்ஃபும் புதுசு போட்டுடலாமா? சார் கேட்டா வேணாம்பார்."

அவள் ஒரு நொடி யோசித்தாள். கல் கண் முன்னால் வந்தது. "போடுங்க" என்றாள். "அவர்ட்ட சொல்லாதீங்க. அவரே ஒருநாள் திருகிப் பாத்து அசந்துபோகட்டும்."

அடுத்த மாதம் அவர் பிறந்தநாள். சீருடை தைத்த காசில் அவருக்கு இப்படியொரு பரிசு கொடுக்கிறோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் அவ்வளவு குதூகலம். ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்து வந்தவர் வாசலில் இறங்கியதும் ஒரு பிரசங்கம் செய்தார். ஷெட் வாசலில் ஒரு சின்ன இறக்கம் இருந்ததாம், வண்டியைப் பையன்கள் அதுவரை தள்ளி வைத்திருந்தார்களாம், அங்கிருந்து உருளவிட்டதும் பூப்போலக் கிளம்பியதாம். "செல்ஃப்ங்கறது சோம்பேறிக்குக் கண்டுபுடிச்சது. எங்க நிறுத்தறோம்னு யோசிக்கத் தெரிஞ்சவனுக்கு அது எதுக்கு?"

"இல்லைங்க, அந்த செல்ஃப்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அந்தப் பேச்சே வேணாம்" என்று கையைக் காட்டினார்.

இன்னும் இரண்டு தரம் ஆரம்பித்தாள். இரண்டு தரமும் அதே கை. அப்புறம் அவளுக்கும் வீம்பு வந்துவிட்டது. கேட்காத காதுக்கு எதற்குச் சொல்ல வேண்டும், இந்த மனுஷன் தானாகத் திருகுகிற அன்றைக்குத் திருகட்டும் என்று விட்டுவிட்டாள். ஆறு வருஷமாகப் புத்தம்புது செல்ஃப் ஒன்று உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தது. வெளியே அவள் கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தாள். வீம்பு என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

ஆனால் வீம்பு இருக்கிற வரைக்கும் முட்டி இருப்பதில்லை. தையல் மிஷின் மிதித்து மிதித்து, படி ஏறி ஏறி, குனிந்து நிமிர்ந்து, போன வருஷம் இரண்டு முட்டியும் சேர்ந்து மக்கர் பண்ண ஆரம்பித்தன. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "படி ஏறக் கூடாதும்மா. குனிஞ்சு வெயிட்டு தூக்கவே கூடாது" என்றார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து மிகவும் அக்கறையாகத் தலையாட்டினார். மாத்திரை எப்போது போட வேண்டும் என்று இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். வெளியே வந்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"ம், கல்ல எடு" என்றார்.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். ராத்திரி அவரே தைலம் தேய்த்துவிட்டார். டாக்டர் சொன்ன கனத்தில் அந்தக் கல்லும் சேரும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவர் கெட்டவரா என்ன?

இந்த நேரம் பார்த்து அவள் தம்பி ஒரு வண்டி வாங்கினான். தம்பிக்கு டைல்ஸ் கடை. புது வண்டி ஜீப்பைப் போல இரண்டு மடங்கு. கறுப்பு. உள்ளே டிவி போல ஒரு திரை, அதற்குப் பக்கத்தில் ஒரு வட்டக் குமிழ். திருகினால் மணல், சேறு, பாறை, பனி என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்த ஊரில் பனி விழுந்ததே இல்லை. ஆனாலும் பனிக்கு ஏற்பாடு இருக்கிறது என்பதில் தம்பிக்கு ஒரு நிம்மதி.

"இதுல மலை ஏறலாம் மாமா. ஆறு தாண்டலாம். பாலைவனத்துலகூடப் போகலாம்."

"எங்கெங்க போயிருக்க?"

"இப்போதைக்குக் கடைக்கும் வீட்டுக்கும்."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு இரண்டு வண்டிகளுக்கும் பட்டிமன்றமாகிவிட்டது. அவள் பரிமாறிக்கொண்டே கேட்பாள்.

"சீட்டு சூடாகும் மாமா."

"என்னோடதும் சூடாகும். இன்ஜினே காலுக்குப் பக்கத்துலதான்."

"மழை வந்தா வைப்பர் அதுவா ஓடும்."

"மழை வந்தா எனக்கும் அதுவா தெரியும். தலையில விழுமே!"

"கெட்டுப்போனா என்ன மாமா பண்ணுவீங்க?"

"கம்பி இருக்கு, சுத்தியல் இருக்கு. நீ?"

"கம்பெனிக்கு போன் பண்ணுவேன். லேப்டாப் எடுத்துட்டு வருவாங்க."

"இருபது வருஷம் கழிச்சு அந்த லேப்டாப்காரன் இருப்பானா?"

"இருபது வருஷமா? நாலு வருஷத்துல மாத்திடுவேன் மாமா. அதுக்கு மேல வெச்சிருந்தா மரியாதையே இல்ல."

கணவர் சோற்றுக் கையை உதறிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அது சொந்த வண்டி இல்ல மச்சான், வாடகை வீடு. ஒரு பொருள வாங்கினா கடைசிவரைக்கும் அதுகூட இருக்கணும். அதோட குறைய நாம தாங்கணும். நான் தாங்கறேன் பாரு, அதுக்குப் பேருதான் சொந்தம்."

குறையைத் தாங்குகிறாராம்! அவள் குழம்புக் கரண்டியைப் பாத்திரத்தில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். ஆண்கள் இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரம்தான் கீழ்த்தெரு வீடு காலியானது. மேடு முடிந்து தரை சமமாகிற இடத்தில் இருக்கிற தெரு. ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் பின்கட்டில் இருந்துகொண்டு முன்பகுதியை வாடகைக்கு விடுகிறார். ஒரே ஒரு படி. தெருவைப் பார்த்து அகல ஜன்னல், அதன் கீழ் மிஷின் போட்டால் சாயங்காலம் வரைக்கும் விளக்கு வேண்டாம். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த ஒரு படியை மட்டும் மூன்று முறை ஏறி இறங்கிப் பார்த்தாள். நர்ஸம்மா அவள் நடையைக் கவனித்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"வேற ஒரு பார்ட்டி கேட்டுட்டே இருக்காங்க. உங்களுக்காக ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வெச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா."

வீட்டில் வந்து சொன்னாள். அவர் மறுக்கவில்லை. மறுநாள் காலையில் தன் பழைய மட்டக்கருவியைத் துடைத்து எடுத்துக்கொண்டு கீழ்த்தெருவுக்குப் போனார். தெருக்கோடியிலிருந்து கோடிவரைக்கும் பார்த்தார். சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் போலத் திரும்பி வந்தார்.

"கேரம் போர்டும்மா. எங்கயுமே சரியல. வீடு நல்ல வீடுதான், நான் வேணாங்கல. ஆனா வண்டிய எங்க நிறுத்தறது?"

"எனக்கு முட்டி வலிக்குதுங்க."

"தெரியுது. அதான் தைலம் தேய்ச்சு விடறேனே."

நாக்கு நுனிவரைக்கும் வந்தது அவளுக்கு. 'செல்ஃப் இருக்குங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே சாமான் கட்டியிருக்கலாம். ஆனால் சொல்ல மனம் வரவில்லை. செல்ஃப் இருப்பதால் கீழே வருவது பெரிய விஷயமா? 'வண்டி கெடக்குது, உன் முட்டிதான் முக்கியம்' என்று இந்த மனுஷன் வாயால் ஒரே ஒரு தரம் வரட்டும். அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம். இத்தனை வருஷம் கல் தூக்கியவள் அதைக்கூட எதிர்பார்க்கக் கூடாதா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம் என்று இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றம் முற்றிவிட்டது. பேசிப் பேசி அலுத்துப்போய், ஊருக்கு வெளியே வற்றிக் கிடக்கிற ஏரியில் இரண்டு வண்டியையும் இறக்கிப் பார்த்துவிடுவது என்று தீர்மானமானது. நடுவராக அவளும் வர வேண்டும். "அஞ்சு மணிக்குள்ள திரும்பிடணும். நர்ஸம்மாவுக்குப் பதில் சொல்லணும்" என்றாள். "ஆகட்டும், ஆகட்டும்" என்றார். ஆகட்டும் என்ற வார்த்தைக்கு அந்த வீட்டில் எந்த அர்த்தமும் கிடையாது. மேட்டு வாசலில் கல்லை எடுத்துப் பின்னால் போட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகியபடி ஏறி உட்கார்ந்தாள்.

ஏரிப்படுகை எப்படிப்பட்டது என்பது அவருக்குத் தெரியாததல்ல. வேலையில் இருந்தபோது அதை அளந்தவரே அவர்தான். சுற்றுவட்டாரத்தில் இதைவிடச் சமமான இடம் கிடையாது என்று அறிக்கை எழுதிப் பாராட்டு வாங்கியவர். "அங்க நிறுத்தினாத்தானே ஆபத்து? நான் நிறுத்தவே மாட்டேன். ஒரு சுத்து சுத்திட்டு நேரா கரை ஏறிடுவேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கறுப்பு வண்டி முன்னால் போனது. ஜீப் அதன் பின்னால் குதித்துக் குதித்துப் போனது. உண்மையைச் சொன்னால் ஜீப் நன்றாகத்தான் போனது. ஈரமண்ணில் வழுக்கியபோது குட்டி லீவரை ஒரு தட்டுத் தட்டினார், நான்கு சக்கரமும் பிடித்துக்கொண்டன. அவர் முகத்தில் ஒரு வாலிபக் களை வந்திருந்தது. அதைப் பார்க்க அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. பொல்லாத மனுஷன், இந்தக் களையைக் காட்டித்தானே இத்தனை வருஷம் கல் தூக்க வைத்தார்!

படுகையின் நடுவில் ஆள் உயர நாணல் புதர் ஒன்று இருந்தது. தம்பி குமிழைச் சேற்றுக்குத் திருகி, வீரமாகப் புதருக்குள் விட்டான். வண்டி முகத்தில் அறை வாங்கியது போல அப்படியே நின்றது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வெகு மரியாதையாகப் பேசியது: "முன்னால் சுவர் உள்ளது. உங்கள் பாதுகாப்புக்காக வாகனம் நிறுத்தப்பட்டது."

"சுவர் இல்ல, புல்லு!" என்று தம்பி திரையைப் பார்த்துக் கத்தினான். "புல்லும்மா அது!"

பின்னால் போகப் பார்த்தான். அந்தப் பக்கமும் நாணல் சாய்ந்து வளைத்துக்கொண்டிருந்தது. "பின்னால் சுவர் உள்ளது" என்றது குரல். சேறு, மணல், பாறை என்று எல்லாவற்றையும் திருகினான். கடைசியில் பனியையும் திருகிப் பார்த்தான். பாதுகாப்பை நிறுத்தி வைக்கத் திரைக்குள் ஏதோ வழி இருக்கிறது, ஷோரூம் பையன் சொல்லிக் கொடுத்தது மறந்துவிட்டது. கம்பெனிக்கு போன் பண்ணலாம் என்றால் அங்கே சிக்னல் இல்லை. மலையையும் ஆற்றையும் பாலைவனத்தையும் தாண்டுகிற வண்டி புல்லுக்குள் கைதியாக நின்றது.

அது சட்டென்று நின்றதால் பின்னால் வந்த இவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். கிளட்சை மறந்தார். ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி, தும்மி, அணைந்துபோனது.

அந்த அமைதியில் அவர் மெல்ல இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். எல்லாப் பக்கமும் அவரே அளந்து கையெழுத்துப் போட்ட சமதரை.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்றான் தம்பி, நாணலை விலக்கிக்கொண்டு வெளியே வந்து.

"சறுக்கினாத்தான் கெளம்பிடுமே! சறுக்க மாட்டேங்குதே!" என்றார் அவர்.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அவள் மணியைப் பார்த்தாள். நர்ஸம்மா வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பது போலத் தோன்றியது. இப்போது ஒரு வார்த்தை சொல்லலாம். ஆனால் அதற்குள் அவர் திட்டத்தோடு திரும்பிவிட்டார்.

"ஒண்ணும் கவலையில்ல. தள்ளினா கெளம்பிடும். மச்சான், நீ இடது பக்கம். நீ வலது பக்கம் போ. நான் ஸ்டியரிங்க பாத்துக்கறேன்."

"மாமா, அக்காவுக்கு முட்டி..."

"சும்மா கைய வெச்சா போதும்டா. காத்து மாதிரி உருளும்."

அவள் இறங்கினாள். ஏன் இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை, பழக்கம். பின்னால் போய்க் கையை வைத்தாள். "தள்ளுங்க!" என்று முன்னாலிருந்து உற்சாகமாக ஒரு குரல் வந்தது. தள்ளினாள். ஈர மண்ணில் கால் புதைந்து, வலது முட்டியில் கத்தி சொருகியது போல ஒரு வலி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிடிமானம் தேடி, எடை குறையட்டும் என்று தம்பி இறக்கிப் போட்டிருந்த கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தானே தைத்த உறை.

"என்ன, நிறுத்திட்டீங்க? இன்னும் கொஞ்சம்தான்!" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. ஆறு வருஷத்துக் கோபம், இருபத்தாறு வருஷத்துக் கோபம் எல்லாம் ஒன்றாக வந்தது. இந்த ஆள் சொல்லமாட்டார். இந்த ஜென்மத்தில் சொல்லமாட்டார். ஜீப்பைப் பிடித்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு டிரைவர் பக்கம் போனாள். ஜீப்புக்குக் கதவு கிடையாது என்பது அன்றைக்கு வசதியாகப் போயிற்று.

"கிளட்ச மிதிச்சுக்கங்க."

"மிதிச்சுட்டுத்தானே இருக்கேன். நீ ஏன் இங்க வந்த?"

"விடாம மிதிச்சுக்கங்க."

அவர் மடிக்கு மேலாகக் கையை நீட்டி, சாவியை அந்த ஒரு நூலுக்கு மேல் திருகினாள். 'கிர்ர்' என்று ஒரே ஒரு இழுப்பு. இன்ஜின் பிடித்துக்கொண்டது. புத்தம்புதுசு அல்லவா!

தம்பி வாயைப் பிளந்தான். அவர் சாவியைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், மறுபடி சாவியைப் பார்த்தார்.

"இது... எப்படி?"

"செல்ஃபுங்க. கியர் பாக்ஸ் வேலைக்கு விட்டப்பவே போட்டாச்சு. உங்க பொறந்தநாளுக்கு. நான்தான் போடச் சொன்னேன்."

"ஆறு வருஷமா? ஏன் சொல்லல?"

"மூணு தரம் வாயெடுத்தேன். கையக் காட்டினீங்க."

"அதுக்காக? ஆறு வருஷமா இந்தக் கல்ல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். 'இந்தக் கல்ல' என்று சொன்னபோதுதான் கல் எங்கே என்று அவர் கண் தேடியது. அது பின்னால் மண்ணில் கிடந்தது. அவள் உட்கார்ந்ததில் அதன் உறை மேல் சேலைச் சேறு பதிந்திருந்தது. அவள் ஒற்றைக் காலில் எடையைப் போட்டுக்கொண்டு நிற்பதையும் அப்போதுதான் பார்த்தார்.

"நீங்க ஒரே ஒரு தரம் திருகிப் பாப்பீங்கன்னு இருந்தேன்" என்றாள் அவள். "வண்டிய இல்லைன்னாலும், என்னையாவது பாப்பீங்கன்னு இருந்தேன்."

அவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு இறங்கி, பின்னாலிருந்து கயிற்றை எடுத்தார்.

அப்புறம் கயிறு கட்டி, கறுப்பு வண்டியைப் புல்லிலிருந்து பின்னோக்கி இழுத்தார்கள். "பின்னால் சுவர் உள்ளது" என்று கடைசிவரைக்கும் அந்தப் பெண் குரல் எச்சரித்துக்கொண்டே வந்தது. அந்த வண்டியையாவது பாராட்ட வேண்டும், ஆபத்து என்று தோன்றினால் வாயைத் திறந்து சொல்கிறது. தம்பி வெட்கத்தோடு முன்னால் போய்விட்டான். எந்த வண்டி ஜெயித்தது என்று சொல்ல நடுவரை ஒருவரும் கேட்கவில்லை.

கல்லை அவரே தூக்கிப் பின்னால் போட்டார். தூக்கும்போது "அப்பாடி" என்று ஒரு சத்தம் அவரையறியாமல் வந்தது. இத்தனை கனமா என்பது போல உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவளைத் தாங்கி ஏற்றி உட்கார வைத்தார். வழியில் எத்தனையோ நல்ல நல்ல சரிவுகள் கடந்து போயின. ஒன்றைக்கூட அவர் கண்ணால் தடவவில்லை.

மேடு ஏறுகிற சாலையும் கீழ்த்தெருவும் பிரிகிற இடம் வந்தது. வீட்டுக்குப் போக நேராக ஏற வேண்டும். அவர் கீழ்த்தெருவுக்குள் திருப்பினார். நர்ஸம்மா வீட்டு வாசலில், கேரம் போர்டு போன்ற அந்தத் தரையில் வண்டியை நிறுத்தினார். கொஞ்ச நேரம் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. சாவியில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நெற்றியில் வியர்த்துவிட்டது, பாவம்.

அணைத்தார்.

அவள் பழக்கத்தில் இறங்கப் போனாள், கல்லை எடுத்து வைக்க.

"உக்காரு" என்றார். "இங்க எங்க உருளப் போகுது?"

சாவியை உருவி அவள் மடியில் போட்டார். சட்டையில் ஒட்டியிருந்த நாணல் சருகைத் தட்டிவிட்டுக்கொண்டு, அந்த ஒரு படியை ஏறி, நர்ஸம்மா வீட்டுக் கதவைத் தட்டினார்.